சிவந்த மண்ணின் பசுமைக் குரல்

1864ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், ‘குயின் விக்டோரியா’ என்னும் நீராவிக் கப்பல் சார்லட்டவுன் துறைமுகத்தை அடைந்தது. அந்நாளைய கனடா மாகாணத்தின் அமைச்சர்கள் அதில் வந்திருந்தனர். வட அமெரிக்காவில் சிதறிக் கிடந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களை ஒரே கூட்டாட்சியாக இணைப்பது பற்றிப் பேசுவது அவர்தம் நோக்கம். ஆனால் துறைமுகத்தில் வரவேற்பாரைக் காணோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீவு காணாத சர்க்கஸ் ஒன்று அவ்வேளை நகருக்கு வந்திருந்தமையால் ஊரே கூடாரத்தின் முன் திரண்டிருந்தது. விடுதிகளில் அறைகள் இல்லை. தீவின் அரசுச் செயலாளரான போப் என்பார் சிறு படகொன்றில் ஏறிச் சென்று விருந்தினரை எதிர்கொண்டார். வந்தவருட் பலர் இரவில் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. கனடா என்னும் நாட்டின் பிறப்புக்கு வழிவகுத்த மாநாடு இவ்வாறுதான் தொடங்கிற்று.

அக்கப்பலில் வந்தவருள் ஒருவர் ஜார்ஜ் பிரவுன். ஸ்காட்லாந்தில் பிறந்து, டொராண்டோவில் ‘குளோப்’ என்னும் நாளிதழை நிறுவி நடத்தியவர். அவருடைய அரசியல் வாழ்வு முழுவதையும் ஒரே கோரிக்கையில் அடக்கிவிடலாம். மக்கள்தொகை எவ்வளவோ அவ்வளவு பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதே அது. மேற்குக் கனடாவில் மக்கள் பெருகியிருந்தும், சட்டமன்றத்தில் கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்ததை அவர் அநீதி எனக் கண்டார். அதற்காகவே தம் நெடுநாள் பகைவரான ஜான் மக்டொனால்டுடன் கைகோத்துக் கூட்டு அமைச்சரவையில் சேர்ந்தார். எனினும், மாநாடு கூடிய தீவின் மக்களுக்கு அவருடைய கொள்கை உவப்பாக இல்லை. மக்கள்தொகைக் கணக்குப்படி புதிய நாடாளுமன்றத்தில் தீவுக்கு ஐந்து இடங்களே கிட்டும் என்றறிந்ததும் தீவின் பேராளர்கள் முகம் சுளித்தனர். 1867இல் கூட்டாட்சி பிறந்தபோது, மாநாட்டை நடத்திய தீவு அதில் சேரவில்லை. இருப்புப்பாதைக் கடன் கழுத்தை நெரித்த பின்னரே, 1873இல், ஆறு இடங்களைப் பெற்றுக்கொண்டு இணைந்தது.

பிரவுன் 1880இல் தம் அலுவலகத்தில் முன்னாள் ஊழியர் ஒருவரால் சுடப்பட்டு, அக்காயத்தால் மாண்டார். அவருடைய துணைவியார் பிள்ளைகளோடு தாயகமான ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார். அக்குடும்பத்தின் கிளையொன்றில் 1962இல் அபர்தீன் நகரில் பிறந்தவர் பீட்டர் பெவன்-பேக்கர். பிரவுனுக்கு எள்ளுப்பேரன் முறை. எள்ளுப்பாட்டனார் வந்திறங்கிய அதே சார்லட்டவுனில், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே வினாவை வேறொரு வடிவில் எழுப்பும் நிலை இவருக்கு வாய்த்தது. ஒருவர் அளிக்கும் வாக்கு மன்றத்தில் எவ்வளவு குரலாக மாறவேண்டும் என்பதே அவ்வினா.

பெவன்-பேக்கர் ஸ்காட்லாந்தின் வடபுல மேட்டுநிலத்தில் வளர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்றார். 1980களின் நடுவில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். நியூஃபவுண்ட்லாந்தில் சிலகாலமும், பின்னர் ஒன்டாரியோ மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் பல் மருத்துவராகத் தொழில் நடத்தினார். அங்கேதான் அவரது அரசியல் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பசுமைக் கட்சியைப் பெயரளவில் அறிந்தோரே சிலர். அதன் சார்பில் மத்திய நாடாளுமன்றத்துக்கும் மாகாண மன்றத்துக்கும் மாறி மாறிப் போட்டியிட்டார். ஒவ்வொரு முறையும் தோற்றார். ஒன்டாரியோவிலும் பின்னர்த் தீவிலுமாக இருபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்துத் தேர்தல்களில் அவர் தோற்றார் என்பது, அவரைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் சொல்லும் செய்தி. பகலெல்லாம் பிறர் வாயைத் திறக்கச் செய்து, மாலையில் தாம் வாய் திறந்து பேசப்போகும் இம்மனிதரை அத்தொகுதி மக்கள் விரும்பினர். வாக்கை மட்டும் வேறொருவர்க்கு அளித்தனர்.

அத்தோல்விக் காலத்தில் அவர் செய்த ஒரு பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. அத்தொகுதியின் லிபரல் கட்சி உறுப்பினராக இருந்தவர் ஜோ ஜோர்டன். அவரும், மைக் நிக்கர்சன் என்னும் சுற்றுச்சூழல் சிந்தனையாளரும், பெவன்-பேக்கரும் இணைந்து ‘கனடா நல்வாழ்வு அளவீட்டுச் சட்டம்’ என்னும் சட்டமுன்வரைவை உருவாக்கினர். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் கணக்கு ஒரு நாட்டின் நலத்தைக் காட்டாது என்பதே அதன் அடிப்படை. கடலில் எண்ணெய் கொட்டினால், அதை அள்ளித் துடைக்கும் செலவும் உற்பத்திக் கணக்கில் வரவாகவே ஏறும். காட்டை வெட்டினால் மரத்தின் விலை ஏறும். இழந்த காட்டுக்குப் பற்று எழுத அந்த ஏட்டில் இடமில்லை. ஆகவே நீர், காற்று, உடல்நலம், குடும்ப வாழ்வு ஆகியவற்றையும் அளந்து ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கவேண்டும் என்றது அவ்வரைவு. ஜோர்டன் அதனை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். அது சட்டமாகவில்லை. ஆனால் எதைக் கணக்கில் சேர்க்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்னும் கேள்வியை பெவன்-பேக்கர் அதன்பின் கைவிடவே இல்லை.

2003இல் அவர் குடும்பத்தோடு பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு வந்து, தென்கரையோரத்து ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். கனடாவின் பத்து மாகாணங்களுள் பரப்பிலும் மக்கள்தொகையிலும் மிகச் சிறியது அத்தீவு. ஏறத்தாழ 5,660 சதுர கிலோமீட்டர் நிலம். 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். இலக்கிய வாசகர்க்கு அது லூசி மாட் மாண்ட்கோமரியின் தீவு. 1908இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலின் களம். இரும்புச் சத்து மிகுந்த அதன் செம்மண்ணும், கடலை நோக்கிச் சரியும் வயல்களும் அந்நாவலால் உலகறிந்தவை. அச்செம்மண்ணில் விளைவது பெரும்பாலும் உருளைக்கிழங்கு.

தீவின் அரசியலை அறிய அதன் நீரை முதலில் அறியவேண்டும். அங்கே பெரிய ஆறுகளோ ஏரிகளோ இல்லை. குடிநீர் முழுவதும் மணற்பாறைக்கு அடியிலுள்ள நிலத்தடி நீரே. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் அந்நீரில் இறங்குகிறது. கோடையில் பெருமழை பெய்தால் மண்ணும் பூச்சிக்கொல்லியும் ஓடைகளில் கலந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. உருளைக்கிழங்கு வேளாண்மைக்காகப் புதிய ஆழ்துளைக் கிணறுகள் தோண்டுவதை மாகாண அரசு 2002இல் நிறுத்தி வைத்தது. அத்தடையை நீக்கவேண்டும் என வேளாண் தொழில் தரப்பினர் 2014இல் கோரியபோது தீவே கொந்தளித்தது. சட்டமன்றக் குழுவின் முன் மக்கள் திரண்டு சென்று சாட்சியம் அளித்தனர். தடை நீடித்தது, தண்ணீருக்கென ஒரு சட்டம் இயற்றுவதாக அரசு வாக்களித்தது. அச்சட்டம் 2017இல் நிறைவேறி, 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. கிணற்று நீரைக் குடிப்பவர்க்குச் சூழலியல் வீட்டுக் கவலைதானே.

நீருக்காகக் கொந்தளித்த மக்கள் வாக்களிப்பதில் மட்டும் பழைய தடத்தை விட்டு விலகாதோர். லிபரல் கட்சி, முற்போக்குப் பழமைவாதக் கட்சி என இரண்டே கட்சிகள் அங்கே மாறி மாறி ஆண்டுவந்தன. (இரண்டாவதன் பெயரிலுள்ள முரண் மொழிபெயர்ப்பின் பிழையன்று, கட்சி தானே சூட்டிக்கொண்டது.) குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கட்சிக்கு உரியவை. ஆட்சி மாறினால் சாலைப் பணி முதல் அலுவலக வேலை வரை கை மாறுவது பன்னெடுங்கால வழக்கம். வேட்பாளரை வாக்காளர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய தொகுதிகள். இத்தகைய இடத்தில் மூன்றாவது கட்சிக்கு வாய்ப்பில்லை. 1996இல் மருத்துவர் ஹெர்ப் டிக்கீசன் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் வென்றார். அடுத்த தேர்தலில் தோற்றார். பெவன்-பேக்கருக்கு முன் அத்தீவின் மன்றம் கண்ட மூன்றாம் கட்சி உறுப்பினர் அவர் ஒருவரே.

தேர்தல் முறையும் இதற்குத் துணைநின்றது. தொகுதியில் எவர் முந்துகிறாரோ அவரே வெல்வார். மற்றவர்க்கு அளித்த வாக்குகள் அத்துடன் முடிந்தன. இந்தியாவும் பிரிட்டனும் பின்பற்றும் முறையே இது. ஆனால் இருபத்தேழு இடங்களே உள்ள சிறு மன்றத்தில் அதன் விளைவு விபரீதமானது. 1935இல் லிபரல் கட்சி முப்பது இடங்களையும் வென்றது. எதிர்வரிசையில் ஓர் ஆளும் இல்லை. 1993இல் 32 இடங்களில் 31 ஒரு கட்சிக்கு. 2000இல் 27இல் 26 மற்றொன்றுக்கு. அவ்வாண்டு வாக்காளரில் மூவரில் ஒருவர் லிபரல் கட்சிக்கு வாக்களித்திருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் உறுப்பினர். இதைக் கண்டு நாணியோ என்னவோ, 2005இல் கலப்பு விகிதாசார முறை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அதை ஏற்றோர் 36 விழுக்காட்டினரே.

அதே 2005இல்தான் தீவின் பசுமைக் கட்சி பிறந்தது. பூச்சிக்கொல்லிகளை எதிர்த்துப் போராடிவந்த ஷாரன் லாப்சக் அதன் முதல் தலைவர். 2007, 2011 ஆகிய இரு தேர்தல்களிலும் கட்சி ஐந்து விழுக்காட்டைத் தொடவில்லை. 2012இன் இறுதியில் பெவன்-பேக்கர் தலைமை ஏற்றார்.

2015 மே 4ஆம் நாள் தேர்தலில் அவர் கெல்லிஸ் கிராஸ்-கம்பர்லண்ட் தொகுதியில், அமைச்சராக இருந்த லிபரல் வேட்பாளரைத் தோற்கடித்தார். பதிவானவற்றில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருக்கு விழுந்தன. வீடு வீடாகச் சென்று, ஒரே தொகுதியில் கட்சியின் முழு உழைப்பையும் குவித்ததன் பயன் இது. மாகாணம் முழுவதிலும் பசுமைக் கட்சி பெற்றது 10.8 விழுக்காடு. புதிய ஜனநாயகக் கட்சியோ அதைவிடச் சிறிது மிகுதியாக, 11 விழுக்காடு பெற்றும் ஓர் இடமும் பெறவில்லை. அவ்வாக்குகள் தீவெங்கும் பரவிக் கிடந்தன; பசுமைக் கட்சியினுடையவை ஓரிடத்தில் குவிந்திருந்தன. தம் வெற்றிக்கும் பிறர் தோல்விக்கும் நடுவே நின்றது தகுதி வேறுபாடன்று, கணக்கின் விந்தை என்பதை வென்றவரே வெளிப்படையாக ஒப்பினார். பின்னாளில் அக்கணக்கு அவரையே சுட்டது.

கூட்டாட்சி மாநாடு நடந்த ‘பிராவின்ஸ் ஹவுஸ்’ கட்டடம் பழுதுபார்ப்புக்காக 2015 தொடக்கத்தில் மூடப்பட்டிருந்தது. அதனால் பிரவுனின் எள்ளுப்பேரன் உறுப்பினராக அமர்ந்தது அடுத்திருந்த ஜார்ஜ் கோல்ஸ் கட்டடத்தில். 27 பேருள் தனி ஒருவர். தீவின் மன்றத்தில் இடைமறித்துக் கூவுவது நெடுநாள் பழக்கம். அவர் அதில் சேரவில்லை. அமைச்சர் ஒருவர் நல்லது செய்தால் எழுந்து பாராட்டினார். தவறு செய்தால் குரல் உயர்த்தாமல் கேள்வி கேட்டார். ஓராண்டுக்குள், மன்றத்தில் எவர் பேசினால் செய்தியாளர் எழுதுகோலை எடுக்கின்றனர் என்பது தெரிந்துபோயிற்று.

2016 இலையுதிர் காலத்தில் தேர்தல் முறை பற்றி மீண்டும் பொதுக்கருத்து வாக்கெடுப்பு நடந்தது. பதினாறு வயதினர்க்கும் வாக்குரிமை தரப்பட்டது. இணையம், தொலைபேசி வழியாகவும் வாக்களிக்கலாம். பத்து நாள் அவகாசம். ஐந்து முறைகளை விருப்ப வரிசைப்படி எண்ணிட்டுக் குறிக்கவேண்டும். கடைநிலையில் நின்றவற்றின் வாக்குகளைப் பிரித்தளித்து எண்ணியபோது, கலப்பு விகிதாசார முறை 52 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றது. மக்கள் தொகுதிக்கு ஒரு வாக்கும் கட்சிக்கு ஒரு வாக்குமாக இரண்டு அளிப்பர். தொகுதி வெற்றிகளில் குறைந்துபோன கட்சிக்குப் பட்டியலிலிருந்து இடங்கள் ஈடுசெய்யப்படும். வாக்கும் இடமும் அப்போது ஏறத்தாழ ஒத்துவரும்.

ஆனால் வாக்களித்தோர் 36 விழுக்காட்டினரே. முதல்வர் வேட் மக்லாக்லன் சட்டப் பேராசிரியராகவும் பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தவர். இத்தனை குறைந்த வாக்குப்பதிவைத் தீவு மக்களின் தெளிவான விருப்பமாகக் கொள்ள இயலாது என்றார் அவர். வாக்கெடுப்புக்கு முன் குறைந்த அளவு வாக்குப்பதிவு எதுவும் நிபந்தனையாக விதிக்கப்படவில்லை. வாக்கை மதியுங்கள் என்னும் முழக்கத்தோடு மக்கள் சட்டமன்றத்தின் முன் கூடினர். பெவன்-பேக்கர் மன்றத்தின் உள்ளேயும் வெளியேயும் அதையே பேசினார். அரசு இறங்கவில்லை, அடுத்த பொதுத் தேர்தலோடு மற்றுமொரு வாக்கெடுப்பு எனத் தள்ளிவைத்தது. முதல்வரின் வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மூன்றில் இரு பங்கினர் பேசாதிருக்கையில் ஆட்சிமுறையின் அடித்தளத்தை மாற்றத் தயங்குவது இயல்பே. ஆயினும், விதிகளை வகுத்தவர் விளையாட்டு முடிந்தபின் விதியொன்றைச் சேர்த்தார் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. 2019இல் லிபரல் கட்சி வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2017 நவம்பரில் சார்லட்டவுன்-பார்க்டேல் இடைத்தேர்தலில் ஹன்னா பெல் வென்றார். பசுமைக் கட்சிக்கு இருவர் ஆயினர். 2019 தொடங்கியபோது கருத்துக் கணிப்புகளில் அக்கட்சியே முன்நின்றது. வட அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு பசுமை ஆட்சி அமையக்கூடும் எனத் தீவுக்கு வெளியிலிருந்தும் செய்தியாளர் வந்தனர். பத்துத் தோல்விகளின் பல் மருத்துவர் முதல்வராவார் எனப் பலரும் நம்பினர்.

தேர்தல் ஏப்ரல் 23ஆம் நாள். அதற்கு நான்கு நாள் முன்னர், புனித வெள்ளியன்று, சார்லட்டவுன்-ஹில்ஸ்பரோ பார்க் தொகுதியின் பசுமைக் கட்சி வேட்பாளர் ஜாஷ் அண்டர்ஹே தம் இளம் மகனோடு ஹில்ஸ்பரோ ஆற்றில் சிறு படகில் சென்றார். படகு கவிழ்ந்து இருவரும் இறந்தனர். அவர் ஆசிரியர், இசைக் கலைஞர், நகரில் எல்லோர்க்கும் வேண்டியவர். எல்லாக் கட்சிகளும் பரப்புரையை நிறுத்தின. போட்டியாளர்கள் ஒருவரையொருவர் தழுவி அழுத அந்த நாள்களில், தேர்தலின் கடைசிச் சொற்கள் பேசப்படாமலே போயின. அத்தொகுதியின் வாக்குப்பதிவு ஒத்திவைக்கப்பட்டது. மற்ற 26 தொகுதிகளும் துக்கத்தினூடே வாக்களித்தன.

முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்குப் பன்னிரண்டு, பசுமைக் கட்சிக்கு எட்டு, லிபரல் கட்சிக்கு ஆறு என்பது முடிவு. மக்லாக்லன் தம் தொகுதியிலேயே தோற்றார். பசுமைக் கட்சி பெற்ற வாக்கு 30.6 விழுக்காடு. கனடாவின் எந்த மாகாணத்திலும் அதுவரை பசுமைக் கட்சி அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக அமர்ந்ததில்லை. 26 இடங்களில் எட்டு என்பது, வாக்கு விகிதத்தோடு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. விகிதாசார முறை இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைப் பழைய முறையே அவ்வாண்டு தற்செயலாக வழங்கிவிட்டது. அதே நாளில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் விகிதாசார முறை சிறு வேறுபாட்டில் தோற்றது. தற்செயல் கைகொடுத்த அன்றே நிலையான ஏற்பாடு கைநழுவிற்று. ஜூலையில், ஒத்திவைக்கப்பட்ட தொகுதியையும் முற்போக்குப் பழமைவாதக் கட்சி வென்றது.

புதிய முதல்வர் டென்னிஸ் கிங் முன்னாள் செய்தியாளர்; மேடைகளில் நகைச்சுவையோடு கதை சொல்பவராகவும் அறியப்பட்டவர். கட்சித் தலைமைக்கு வந்து மூன்றே திங்களில் முதல்வரானார். பெரும்பான்மை இல்லாத அவர், எதிர்க்கட்சிகளோடு கலந்து பேசியே ஆள்வதாகச் சொன்னார். எழுத்து வடிவ உடன்பாடு ஏதுமின்றியே பெவன்-பேக்கர் அதற்கு இசைந்தார். அடுத்து வந்த காலம் அம்மன்றத்தின் வரலாற்றில் அரியது. எதிர்வரிசை கொணர்ந்த சட்டமுன்வரைவுகள் சட்டங்களாயின. மாகாணத்தின் மாசு உமிழ்வை 2030க்குள் 14 லட்சம் டன்னாகக் குறைப்பது என்றிருந்த இலக்கை 12 லட்சம் டன்னாக இறுக்கியது, பசுமைக் கட்சியின் லின் லண்ட் கொணர்ந்த திருத்தம். பாலியல் தொல்லைக்கும் பாகுபாட்டுக்கும் ஆளானவரைப் பணம் கொடுத்து வாய்மூடச் செய்யும் ஒப்பந்தங்களுக்கு வரம்பிட்ட சட்டமும் அவருடையதே. 2021இல் நிறைவேறிய அது கனடாவிலேயே முதலாவது. வறுமை பற்றி ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழுவுக்குப் பசுமைக் கட்சியின் டிரிஷ் ஆல்டாஸ் தலைமை தாங்கினார். யாவர்க்கும் அடிப்படை வருமானம் உறுதிசெய்யப்பட வேண்டும் என அக்குழு 2020இல் பரிந்துரைத்தது.

ஆனால் ஒத்துழைப்பு ஆளுங்கட்சிக்குத் தேவைப்பட்ட வரையில்தான் வலுவுடன் இருந்தது. 2020 நவம்பர் இடைத்தேர்தல் வெற்றியால் கிங்கின் கட்சிக்கு மன்றத்தில் பெரும்பான்மை கிடைத்தது. அதன்பின் கலந்து பேசுவது கட்டாயமன்று, விருப்பம் மட்டுமே. கொரோனாப் பெருந்தொற்றின் காலத்தில், எங்கும் நிகழ்ந்தது போல, முதல்வரின் முகமே நாள்தோறும் மக்கள் முன் நின்றது. இன்னொன்றும் நிகழ்ந்தது. பசுமைக் கட்சியின் பேச்சை ஆளுங்கட்சி தன்னுடையதாக்கிக் கொண்டது. குறைந்த வருவாயினர்க்கு இலவச வெப்பப் பம்புகள், மின் வண்டி வாங்குவோர்க்கு உதவித்தொகை, சிற்றூர்களுக்கு இரண்டு டாலர்க் கட்டணத்தில் பேருந்து, 2040க்குள் நிகர உமிழ்வே இல்லாத மாகாணம் என அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. இவற்றையெல்லாம் அரசே செய்கையில், இவற்றைக் கோரிய கட்சிக்கு ஏன் வாக்களிக்க வேண்டும் என்று வாக்காளர் எண்ணினால் அவரைக் குறைகூற இயலாது.

எதிர்க்கட்சித் தலைவர் போதிய கடுமை காட்டவில்லை என்னும் குறை அவர் கட்சிக்குள்ளும் வெளியிலும் எழுந்தது. அது முற்றிலும் பொய்யன்று. தனி உறுப்பினராக இருந்தபோது அவரை உயர்த்திய பண்பு, எட்டுப் பேரின் தலைவரானபோது அவருக்குச் சுமையாயிற்று. எதிர்க்கட்சி எதிர்க்கவேண்டும் என மக்கள் எதிர்பார்க்கின்றனர். கண்ணியத்தை விரும்புவதாகச் சொல்வோரும் மோதலையே கவனிக்கின்றனர். அவர் தம் இயல்பை மாற்றிக்கொண்டிருந்தால் இடங்கள் சில மிஞ்சியிருக்கலாம். ஆனால் லின் லண்டின் இரு சட்டங்களும் அந்த மோதலில் பிழைத்திருக்குமா என்பது ஐயமே.

2022 செப்டம்பர் 24ஆம் நாள் ஃபியோனா புயல் தீவைத் தாக்கியது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மணல் மேடுகளைக் கடல் கரைத்துச் சென்றது. சில ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வெப்பமாகும் கடலைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பேசிவந்த மனிதருக்கு அதைவிடக் கொடிய சாட்சி வேறில்லை. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வரவேண்டிய தேர்தலை, முதல்வர் வசந்த காலத்துக்கே முன்கொணர்ந்தார். புயலுக்குப் பின் வந்த அத்தேர்தலில் மக்கள் மருத்துவரையும் மருத்துவமனையையும் பற்றியே பெரிதும் பேசினர். குடும்ப மருத்துவர் இல்லாதோர் தீவில் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

2023 ஏப்ரல் 3ஆம் நாள் முடிவு வந்தது. ஆளுங்கட்சிக்கு 55.9 விழுக்காடு வாக்கும் 22 இடங்களும். பசுமைக் கட்சிக்கு 21.6 விழுக்காடும் லிபரல் கட்சிக்கு 17.2 விழுக்காடும். வாக்கில் இரண்டாவதாக நின்ற பசுமைக் கட்சிக்கு இரண்டு இடங்கள். மூன்றாவதாக நின்ற லிபரல் கட்சிக்கு மூன்று. அதிகாரபூர்வ எதிர்க்கட்சி என்னும் தகுதி, இடங்களின் எண்ணிக்கைப்படி லிபரல் கட்சிக்குச் சென்றது. விகிதப்படி எண்ணினால் பசுமைக் கட்சிக்கு ஆறு இடங்கள் அளவில் வந்திருக்கும். 2016இல் மக்கள் தேர்ந்தெடுத்து, நடைமுறைக்கு வராமற்போன அந்த முறை இருந்திருந்தால், எதிர்க்கட்சித் தலைவராகவே அவர் நீடித்திருப்பார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பதினொரு விழுக்காடு பெற்றும் வெறுங்கையோடு நின்ற புதிய ஜனநாயகக் கட்சியின் இடத்தில் இப்போது அவர் கட்சி நின்றது.

மன்றத்துக்கு மீண்டவர்கள் பெவன்-பேக்கரும் கார்லா பெர்னார்டும் மட்டுமே. அவ்வாண்டிலேயே அவர் தலைமையிலிருந்து விலகினார். பெர்னார்ட் இடைக்காலத் தலைவரானார். தலைமையைத் துறந்தவர் இருக்கையைத் துறக்கவில்லை. 2015இல் அமர்ந்தது போல, கேள்வி நேரத்தில் தமக்கு வாய்க்கும் சில நிமிடங்களுக்காகக் காத்திருக்கும் உறுப்பினராக மீண்டும் அமர்ந்தார்.

2024 பிப்ரவரியில் போர்டன்-கின்கோரா தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. உருளைக்கிழங்கு வயல்கள் சூழ்ந்த நாட்டுப்புறத் தொகுதி அது. அதுவரை ஆளுங்கட்சியின் வசமிருந்தது. பசுமைக் கட்சியின் சார்பில் மேட் மக்ஃபார்லன் நின்று வென்றார். 2025 ஜூனில் கட்சி அவரையே தலைவராகத் தேர்ந்துகொண்டது.